பேசி முடிச்ச விலைய பிறகு மாத்துனா? விற்பனை ஒப்பந்தத் தகராறு பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை பக்கத்து ஆளுங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்கள ஒரு எடத்துல சேத்து எழுதிருக்கேன். மரக்கறியோ ஆட்டோவோ காணியோ, கதை ஒன்னுதான். ஒரு விலைக்குப் பேசி, கையெழுத்தும் வச்சு, அட்வான்ஸும் கைமாறுன பிறகு ஒரு பக்கம் வந்து "அது சரிவராது, இப்படி மாத்திக்குவோம்"னு சொல்லும், அங்கதான் சண்டை ஆரம்பம். இத லோயர் ஆலோசனையா எடுத்துக்காதீங்க, லோயர் முன்னாடி போய் உக்காரும்போது என்ன கேக்கணும்னு தெரிஞ்சிக்கிறதுக்குத்தான்.

கே: ஒரு பக்கம் மட்டும் "விலைய மாத்திட்டேன்"னு சொன்னா மாறிடுமா?

மாறாது. ரெண்டு பேர் சம்மதிச்சு உண்டானத மாத்துறதுக்கும் ரெண்டு பேர் சம்மதம் வேணும். மாத்துனோம்னு சொல்றவர்தான் அத நிரூபிக்கவும் வேணும்.

கே: அக்ரிமென்ட்லயே "விற்பவர் எந்நேரமும் விலையை மாற்றலாம்"னு அச்சடிச்சு இருக்கே?

அப்ப கொஞ்சம் சிக்கல், ஏன்னா அதுக்கு நீங்க ஏற்கனவே கையெழுத்து வச்சிட்டீங்க. ஆனா அது முடிவு இல்ல. 1997ஆம் ஆண்டு 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம்னு ஒன்னு இருக்கு, பெரிய கம்பெனி அச்சடிச்ச ஃபோர்ம நீட்டி சாதாரண ஆள்கிட்ட கையெழுத்து வாங்குற மாதிரி விசயத்துல, அந்த நிபந்தனை நியாயமானதான்னு நீதிமன்றம் பாக்குறதுக்கு அது வழி குடுக்குது. லோயர்கிட்ட இந்தச் சட்டத்த பேர் சொல்லியே கேளுங்க.

கே: வாயால பேசி மாத்துனது கோர்ட்ல செல்லுமா? எல்லாரும் "எழுத்துல இல்லன்னா ஒன்னும் இல்ல"ன்னுதான் சொல்றாங்க.

எல்லாரும் சொல்றது பாதி சரி. 1895ஆம் ஆண்டு சான்றுக் கட்டளைச் சட்டத்துல 91, 92ன்னு ரெண்டு பிரிவு. ஒப்பந்தத்த எழுத்துல போட்டுட்டா அந்த எழுத்துதான் சாட்சி, அதுக்கு மாறா "நாங்க வேற மாதிரி பேசினோம்"னு வாய்ச் சாட்சி கொண்டுவர ஏலாதுன்னு அந்த ரெண்டும் சொல்லுது. ஆனா 92க்குக் கீழ சில விலக்கு வரிசையா இருக்கு, நம்ம ஆளுங்க கேஸ் முக்கால்வாசி அதுக்குள்ளதான் வந்து விழும்.

எப்ப பேசுனீங்கன்றதுதான் இதுல முக்கியம். கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னாடியோ வைக்கும்போதோ "பேப்பர்ல 150ன்னு போடுறேன், உனக்கு 180 தருவேன்"னு சொன்னத பிறகு கோர்ட்ல சொன்னா பெரும்பாலும் எடுபடாது, பேப்பருக்கு நேர் விரோதம். ஆனா கையெழுத்து வச்சு ரெண்டு கிழமை கழிச்சு ரெண்டு பேரும் பேசி விலைய மாத்துனீங்கன்னா அது பிந்திய தனி உடன்பாடு, 92ல நாலாவது விலக்கு அதுக்கு எடம் குடுக்குது. அந்த ஒப்பந்தம் சட்டப்படி கட்டாயம் எழுத்துலதான் இருக்கணும்னா, இல்லாட்டி ஆவணப் பதிவுச் சட்டத்துக்குக் கீழ பதிஞ்சிருந்தா, அந்தக் கதவு மூடிடும்.

பொருள் விற்பனை கட்டாயம் எழுத்துலதான் இருக்கணுமான்னு அடுத்த கேள்வி வரும். 1896ஆம் ஆண்டு பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சொல்றது, எழுத்து வேணும், இல்லன்னா வாங்குறவர் சாமான்ல ஒரு பகுதியாவது ஏத்துக்கிட்டு எடுத்திருக்கணும், அதுவும் இல்லன்னா விலையில ஒரு பகுதியாவது குடுத்திருக்கணும். அட்வான்ஸ் குடுத்தாச்சு, மொத லோடும் போயாச்சுன்னா "எழுத்து இல்ல"ன்ற வாதத்துக்கு பலம் கொறஞ்சிடும். அதனாலதான் அட்வான்ஸ் துண்டையும் லோட் துண்டையும் பத்திரமா வைக்கச் சொல்றது, சட்டைப் பைக்குள்ள வச்சு துவைச்சிடாதீங்க.

கே: காணிக்கும் இதே மாதிரியா?

இல்லவே இல்ல. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், 2ஆம் பிரிவு. காணிய விக்கிறது மட்டும் இல்ல, "விக்கிறேன்"னு வாக்குக் குடுக்குற உடன்படிக்கை கூட நொத்தாரிசு முன்னாடி, ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல இருக்கும்போது கையெழுத்தாகணும். இல்லன்னா சட்டத்துல அதுக்கு வலுவே இல்ல. அப்ப அந்த உடன்படிக்கையில உள்ள விலையையோ தவணைத் திகதியையோ மாத்துறதும் அதே மாதிரிதான் நடக்கணும்.

இங்கதான் நெறைய பேர் விழுறாங்க. ஆறு மாசத்துல மிச்சம் 18 லட்சத்த கட்டி காணி உறுதி முடிக்கணும்னு எழுதிருப்பாங்க, லோன் லேட்டாகும், விக்கிறவர்கிட்ட போய் "அண்ணே இன்னும் ரெண்டு மாசம் குடுங்க"ன்னா அவரும் டீ குடுத்து "அதுக்கென்ன தம்பி, பாத்துக்கலாம்"னு சொல்லி அனுப்புவார். ரெண்டு மாசத்துல பக்கத்துக் காணி விலை ஏறிடும், அவரோட மகன் வந்து "திகதி முடிஞ்சிருச்சே"ன்னு நிப்பான். டீ குடிச்ச கதைய வச்சு உறுதிய வாங்குறது ரொம்பக் கஷ்டம். குடுத்த அட்வான்ஸ திருப்பிக் கேக்குற வழக்கு வேற, அதுக்கு வழி இருக்கு, ஆனா காணி கைக்கு வராது. அதே நொத்தாரிசுகிட்ட போய் திகதி நீட்டி இன்னொன்னு எழுதுங்க, முதல் உடன்படிக்கை காணிப் பதிவகத்துல பதிஞ்சிருந்தா இதையும் பதிங்க. நொத்தாரிசு பீஸுக்குக் கஞ்சம் புடிச்சு 18 லட்சத்துல கை வைக்காதீங்க.

அரசாங்க அனுமதிப் பத்திரத்துல உள்ள காணின்னா விக்கிறதுக்கே தடை இருக்கும், அத மொதல்ல பிரதேச செயலகத்துல கேளுங்க.

கே: லொறி வந்து நின்ன பிறகு விலைய கொறைக்கிறாங்க. நாங்களும் வேற வழியில்லாம சரின்னு சொல்லிட்டோம். அது சம்மதமா?

மலையில இத விட பழகிப்போன தகராறு இல்ல. கந்தப்பொலை, ராகலைப் பக்கம் பாத்தா தெரியும். விடியக்காலையில லீக்ஸ புடுங்கி, ஓடைத் தண்ணியில மண்ணக் கழுவி, வேர வெட்டி, கட்டுக் கட்டா ரோட்டு ஓரத்துல அடுக்கியாச்சு. பேசுனது கிலோ 220. லொறிக்காரர் தராச எறக்குறதுக்கு முன்னாடியே "தம்புள்ளையில விலை வுழுந்துருச்சு, 160ன்னா ஏத்துறேன், இல்லன்னா போறேன்"ங்கிறார். புடுங்குன லீக்ஸ திரும்ப நட ஏலுமா? தலைய ஆட்டுவீங்க.

இங்கிலாந்துல இதே மாதிரி லொறி ஒன்னு வந்து நின்ன கேஸ் இருக்கு. அட்லஸ் எக்ஸ்பிரஸ் எதிர் கஃப்கோ, 1989. விற்பனை கேஸ் இல்ல, சாமான் ஏத்துற ஒப்பந்தம். கஃப்கோ ஒரு சின்னக் கம்பெனி, கூடைய இறக்குமதி பண்ணி வூல்வர்த்ஸ்ங்கிற பெரிய கம்பெனி கடைகளுக்குக் குடுக்குறாங்க. அட்லஸ் லொறிக் கம்பெனி. பெட்டி ஒன்னுக்கு இவ்வளவுன்னு பேசியாச்சு. மொத லோட்ல நெனச்சத விட பெட்டி கொறைவா இருந்ததுனால, அட்லஸ் அடுத்த தடவ வெறும் லொறியையும் டிரைவர் கையில ஒரு பேப்பரையும் குடுத்து அனுப்புச்சு. ஒரு லோடுக்கு கொறஞ்சது 440 பவுண், கையெழுத்து வைக்கலைன்னா லொறி வெறுமையா திரும்பும். கஃப்கோ கையெழுத்து வச்சுது, பிறகு குடுக்க மாட்டேன்னுச்சு. நீதிமன்றம் கஃப்கோ பக்கம் தீர்த்துச்சு, அது பொருளாதார நெருக்குதல், சம்மதம் இல்லன்னு.

நம்ம நாட்டுல பொருள் விற்பனைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்த பாத்து எழுதுனது, அதனால இந்த மாதிரி தீர்ப்ப லோயர்மார் எடுத்துக் காட்டுவாங்க, ஒல்லாந்தர் காலத்துல இருந்து வந்த நம்ம ரோம டச்சுச் சட்டத்துலயும் பயமுறுத்தி வாங்குன சம்மதம் செல்லாதுன்ற கொள்கை இருக்கு. ஆனா வெறும் கடும்பேரம் நெருக்குதல் ஆகாது. வேற வழி இருந்துச்சா, அப்பவே எதிர்ப்பு சொன்னீங்களா, பிறகு எவ்வளவு சீக்கிரம் கேட்டீங்கன்னு பாப்பாங்க. அதனால லோட ஏத்தி விட்டாலும் பரவாயில்ல, அன்னைக்கே ஒரு மெசேஜ்: "220க்குத்தான் பேசுனது, 160க்கு நான் சம்மதிக்கல, சாமான் பழுதாகும்னுதான் ஏத்தி விட்டேன், மிச்சத்த கேப்பேன்." இந்த ரெண்டு வரி கோர்ட்ல பத்து சாட்சிக்குச் சமம்.

கே: சீக்கிரம் கேக்கணும்னா எவ்வளவு சீக்கிரம்?

அதுக்கு ஒரு கப்பல் கேஸ் இருக்கு, இதுவும் இங்கிலாந்துலதான். நோர்த் ஓஷன் ஷிப்பிங் எதிர் ஹியூண்டாய், தீர்ப்பு 1979 சட்ட அறிக்கையில வெளியாச்சு. ஒரு எண்ணெய்க் கப்பல கட்டி விக்கிறதுக்கு டொலர்ல விலை பேசி ஒப்பந்தம். 1973ல அமெரிக்க டொலர் பெறுமதி 10 வீதம் கொறஞ்சிச்சு, உடனே கப்பல் கட்டுறவங்க மிச்சத் தவணைக்கெல்லாம் 10 வீதம் கூட கேட்டாங்க. ஒப்பந்தத்துல அப்படி ஒன்னும் இல்ல. வாங்குறவங்க அந்தக் கப்பல ஏற்கனவே வேற ஆளுக்கு வாடகைக்குப் பேசி வச்சிருந்ததால, வேற வழியில்லாம "எங்க உரிமைய விட்டுக் குடுக்கல"ன்னு எழுதிட்டு கட்டுனாங்க. 1974 நவம்பர்ல கப்பல் கைக்கு வந்துச்சு. காச திருப்பிக் கேட்டது 1975 ஜூலையில.

நீதிபதி என்ன சொன்னார்னா, ஆமா இது நெருக்குதல்தான், ஆனா கப்பல் கைக்கு வந்த பிறகு பயப்பட ஒன்னுமில்ல, அப்பறமும் எட்டு மாசம் சும்மா இருந்தீங்க, அப்ப ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். சரியான பக்கத்துல இருந்தும் தோத்தாங்க. எட்டு மாசம் நம்ம ஊர் கணக்குல ஒன்னுமே இல்ல, பெரஹரா முடியட்டும் தீவாளி முடியட்டும்னே போயிடும்.

கே: உர விலை ஏறுச்சு, ரூபா விழுந்துச்சு, பழைய விலைக்கு குடுக்க ஏலாது. அது ஒரு காரணம் ஆகாதா?

மனசுக்கு ஆகும், சட்டத்துக்கு ஆகாது. 2021ல ரசாயன உரத்த நிப்பாட்டுனப்பவும் 2022 மார்ச்சுல ரூபா சரிஞ்சப்பவும் இந்தக் கேள்விதான் எல்லா பக்கமும். நட்டம் வருது, செலவு கூடிருச்சுன்றது ஒப்பந்தத்துல இருந்து வெளிய வர காரணம் இல்ல. செய்யவே முடியாத நெலமைன்னாதான் வேற. விலை ஏறும்னு பயம் இருந்தா எழுதும்போதே அதுக்கு ஒரு வரி போட்டுக்கணும், "உர மூட்டை விலை இவ்வளவுக்கு மேல போனா கிலோவுக்கு இவ்வளவு கூடும்"னு.

கே: மண்சரிவுல தோட்டமே போச்சு. அப்பவும் குடுக்கணுமா?

பேப்பர்ல என்ன எழுதிருக்குன்றதப் பொறுத்தது. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்ப ரோடு போன எடம், பாத்தி போன எடம்னு மலை முழுக்க இருந்துச்சு. "1000 கிலோ உருளைக்கிழங்கு"ன்னு பொதுவா எழுதிருந்தா, வேற எடத்துல வாங்கியாவது குடுங்கன்னு கேக்க எடம் உண்டு. "என்னோட இந்தக் காணியில விளையிற கிழங்கு"ன்னு எழுதிருந்தா நெலமை வேற. 1876ல இங்கிலாந்துல ஹவல் எதிர் கூப்லண்ட்னு ஒரு கேஸ், குறிப்பிட்ட நெலத்துல விளையிற 200 தொன் கிழங்குக்கு ஒப்பந்தம், நோய் வந்து சுமார் 80 தொன்தான் கெடச்சுது. மிச்சத்துக்கு விவசாயி பொறுப்பில்லன்னு தீர்ப்பு. ஆனா கெடச்சத அந்த ஆளுக்குத்தான் குடுக்கணும், விலை கூடிருச்சேன்னு வேற ஆளுக்கு விக்க ஏலாது. வெலிமடை கிழங்குக்காரங்க இந்த "இந்தக் காணியில" வார்த்தைய மறக்காம போட்டுக்குங்க, காசு செலவே இல்ல.

கே: வாட்ஸ்அப் மெசேஜ் செல்லுமா?

பொருள் விற்பனைக்கு செல்லும். 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்துல மின்னணு ஆவணத்த சாட்சியா எடுக்கலாம். அதே சட்டம் காணி விற்பனைய வெளிய வச்சிருக்கு, அதனால காணி பத்தி வாட்ஸ்அப்ல எவ்வளவு எழுதுனாலும் நொத்தாரிசுக்கு ஈடாகாது. ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது, போனையும் வச்சிருங்க, போன மாத்துனா பழைய மெசேஜ் அழியாம பாத்துக்குங்க. வொய்ஸ் மெசேஜ்னா யார் எப்ப அனுப்புனதுன்னு தெரியிற மாதிரி வைக்கணும்.

கே: அவங்க "பேசுன மாதிரி புது விலை"ன்னு அனுப்புனாங்க, நான் பாத்துட்டு பேசாம விட்டுட்டேன்.

விடக்கூடாது. பொதுவா வாய மூடிட்டு இருந்தா சம்மதம்னு ஆகாது, ஆனா வியாபாரக் கடிதத்துக்கு வேற பார்வை. சரவணமுத்து எதிர் டி மெல்னு நம்ம நாட்டுத் தீர்ப்பே இருக்கு, புதிய சட்ட அறிக்கைன்ற (NLR) தீர்ப்புத் தொகுப்புல 49ஆம் தொகுதியில. வியாபார விசயத்துல ஒருத்தர் "இப்படித்தான் நடந்துச்சு"ன்னு கடிதம் எழுதுனா, ஒத்துக்காதவர் பதில் எழுதணும், எழுதலைன்னா அது அவருக்கு எதிரா போகும்னு. லோயர் அனுப்புற கோரிக்கைக் கடிதத்துக்கும் அதேதான், ரெஜிஸ்டர் தபால திருப்பி அனுப்பிட்டா தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க.

கே: அக்ரிமென்ட் சிங்களத்துல, எனக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து வச்சிட்டேன்.

கையெழுத்து வச்சா கட்டுப்படுவீங்க, இதுதான் பொது விதி. "வாசிக்கல"ன்றது மட்டும் தப்பிக்க வழி இல்ல. ஆனா வேற ஒன்னு எழுதிருக்குன்னு பொய் சொல்லி கையெழுத்து வாங்கிருந்தா, அந்த மோசடிய வாய்ச் சாட்சியாலயும் காட்டலாம், முன்னாடி சொன்ன 92ல மொத விலக்கு அதுதான். காணி உறுதின்னா நொத்தாரிசு வாசிச்சு விளக்கணும்னு கடமை இருக்கு, எந்த மொழியில விளக்குனாரு, சாட்சி ரெண்டு பேரும் உண்மையிலயே அங்க இருந்தாங்களான்னு கேள்வி வரும்.

எனக்கு இதுல ஒரு கோபம் உண்டு. இருநூறு வருசமா இந்த மலையில இருக்குற சனம், இன்னும் புரியாத பேப்பர்ல கைநாட்டும் கையெழுத்தும் வைக்குது, கேட்டா "மொதலாளி கோவிச்சுக்குவாரு"ங்குது. கோவிச்சா கோவிக்கட்டும். வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைய கூட்டிட்டுப் போங்க, ஒரு நாள் டைம் கேளுங்க. வெறும் பேப்பர்லயும், வாங்குறவர் பேர் போடாம விட்ட வாகன ஓபன் பேப்பர்லயும் கையெழுத்து வைக்கவே வைக்காதீங்க.

கோர்ட்டுக்கு வந்த பிறகு பயம் வேணாம். நம்ம பக்கத்து நீதிமன்றத்துல வேலை சிங்களத்துலதான் நடக்கும், ஆனாலும் அரசியலமைப்பு 24ஆம் உறுப்புரைப்படி தமிழ்ல மனு போடலாம், மொழிபெயர்ப்பும் கேக்கலாம்.

கே: மூட்டைக்கு ரெண்டு கிலோ "கழிவு"ன்னு வெட்டுறாங்க, பேப்பர்ல அது இல்லையே?

"மார்க்கட் வழக்கம்"னு சொல்வாங்க. பேப்பர்ல சொல்லாம விட்ட வழக்கத்த சாட்சியால நிரூபிக்கலாம்தான், ஆனா அது பேப்பர்ல உள்ள நிபந்தனைக்கு முரணா இருக்கக் கூடாது. "நிறுத்த எடை முழுக்கும் காசு, கழிவு இல்ல"ன்னு ஒரு வரி எழுதுங்க, அந்தக் கதை அங்கயே முடிஞ்சிரும்.

கே: ஆட்டோவுக்கு அட்வான்ஸ் குடுத்தேன், இப்ப கூட கேக்குறார்.

2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டுன பிறகு பழைய ஆட்டோ விலை ஏறுனப்ப இது வீட்டுக்கு வீடு நடந்துச்சு. விலை பேசி அட்வான்ஸ் வாங்குன பிறகு கூட கேக்க அவருக்கு உரிமை இல்ல. அந்த ஆட்டோவயே குடுக்கச் சொல்லி நீதிமன்றத்துல கேக்கலாம், குடுக்கச் சொல்றதும் நட்டஈடு மட்டும் தரச் சொல்றதும் நீதிபதி கையில. லீசிங்ல எடுத்த வாகனம்னா இது விற்பனையே இல்ல, 2000ஆம் ஆண்டு 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் வரும், அத இதோட போட்டுக் கொழப்பிக்காதீங்க.

கே: சல்லி ஒரு கிழமை லேட். அதனால ஒப்பந்தம் முறிஞ்சிருச்சாமே?

காசு கட்டுற திகதி தவறுனா உடனே ஒப்பந்தம் முறியாது, அப்படி முறியும்னு பேப்பர்லயே தெளிவா இருந்தா ஒழிய. சாமான் குடுக்குற திகதி வேற, கெட்டுப்போற மரக்கறிக்கு ஒரு நாளும் பெரிய விசயம்.

கே: கேஸ்ல ஜெயிச்சா எவ்வளவு கெடைக்கும்?

சந்தையில வாங்க விக்கக் கூடிய சாமான்னா கணக்கு சுலபம். பேசுன விலைக்கும், குடுக்க வேண்டிய அன்னைக்கு இருந்த சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். உதாரணத்துக்கு கரட் கிலோ 180க்கு 1000 கிலோ பேசி விக்கிறவர் குடுக்கல, அன்னைக்கு மார்க்கட் 320, அப்ப 140,000 ரூபா. அன்னைக்கு மார்க்கட் விலை என்னன்றதுக்கு ஆதாரம் வேணும், அதனால பொருளாதார மத்திய நிலைய விலைய அன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க. மன உளைச்சலுக்கு லட்சக் கணக்குல வரும்னு கனவு காணாதீங்க.

கே: பொலிஸ்ல முறைப்பாடு போட்டா போதாதா?

ஆரம்பத்துலயே ஏமாத்துற எண்ணத்தோட காசு வாங்குனா அது குற்றம், பொலிஸ் பாக்கும். பேசுன விலைய மாத்துனது சிவில் விசயம், பொலிஸ் விலைய தீர்மானிக்க ஏலாது. எண்ட்ரி போட்ட துண்டு திகதிக்கு ஒரு சாட்சியா உதவும், அவ்வளவுதான்.

கே: அப்ப எங்க போறது?

தொகை சின்னதுன்னா மொதல்ல மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டம், ஒரு தொகைக்குக் கீழ உள்ள தகராறுக்கு அங்க போய், தீரலைன்னு சான்றிதழ் வாங்காம கோர்ட்டுக்கு போக முடியாது. இப்ப எந்தத் தொகைன்னு அங்கயே கேட்டுக்குங்க, அது அப்பப்ப கூடுது. லோயர் இல்லாம நீங்களே பேசணும், செலவும் இல்ல. அங்க எழுதுற இணக்கமும் ஒரு மாத்தம்தான், அதனால கையெழுத்து வைக்கும்போது புது விலை, புது திகதி எல்லாம் தெளிவா எழுதச் சொல்லுங்க. அங்க தீரலைன்னா மாவட்ட நீதிமன்றம். கடையில வாங்குன சாமான்னா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதலாம், வாங்கி மூணு மாசத்துக்குள்ள. லோயருக்கு வசதி இல்லன்னா சட்ட உதவி ஆணைக்குழுவுல கேளுங்க, வருமானத்த பாத்து எடுப்பாங்க.

கே: மாத்தத்த எப்படி எழுதணும்?

பழைய பேப்பர்ல வெட்டி மேல எழுதாதீங்க, பிறகு யார் எப்ப வெட்டுனதுன்னு அதுவே ஒரு தனி கேஸ் ஆகிடும். புது பேப்பர்ல "இன்ன திகதி ஒப்பந்தத்தில் கிலோ 220 என்பது 200 என மாற்றப்படுகிறது, மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கும்"னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து, திகதி, ஆளுக்கொரு கொப்பி. பழைய லோட் பாக்கிக்கு எந்த விலைன்னும் எழுதுங்க, நெறைய சண்டை அதுலதான் வருது. "எழுத்து மூலமன்றி மாற்ற முடியாது"ன்னு பழைய பேப்பர்ல இருந்தா இன்னும் கவனம், இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2018ல ரொக் அட்வர்டைசிங் கேஸ்ல அப்படிப்பட்ட நிபந்தனை கட்டுப்படுத்தும்னு சொல்லியாச்சு.

கே: எத்தன வருசத்துக்குள்ள கேஸ் போடணும்?

எழுத்து ஒப்பந்தம்னா 6 வருசம். வாய் ஒப்பந்தம்னா 3. ஆனா வித்து ஒப்படைச்ச சாமானோட காசுக்கும் கடைக் கணக்குக்கும் 1 வருசம்தான், 1871ஆம் ஆண்டு காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் போட்டிருக்கு. மொதலாளி "அடுத்த மாசம், அடுத்த மாசம்"னு இழுத்தடிக்கிறது பலருக்கு இந்த ஒரு வருசத்த தாண்டி போயிடும். இடையில பாக்கியில கொஞ்சம் கட்டுனாலோ, பாக்கி இருக்குன்னு கையெழுத்தோட எழுதிக் குடுத்தாலோ அந்தத் திகதியில இருந்து காலம் புதுசா எண்ணப்படும். ஆயிரம் ரூபா குடுத்தாலும் வாங்கிட்டு, எந்தப் பாக்கிக்கு எந்தத் திகதியில குடுத்தாருன்னு அவர் கையாலயே எழுதி வாங்குங்க.